‘ஒரு குறையும் இல்லை’ என்றவர்களிடம் உண்மை கேட்டவர்

மேடையில் வீற்றிருக்கும் அருட்தந்தை அவர்களே, எங்கள் பலெர்மோத் தமிழ் ஒன்றியத்தின் தலைவர் திரு. அகஸ்ரின் அவர்களே, தமிழ் விளங்காவிட்டாலும் முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் பேராசிரியை லொரெதானா அவர்களே, பிரான்காச்சோவிலிருந்தும் ஒரேத்தோவிலிருந்தும் பஸ் மாறி வந்திருக்கும் தாய்மாரே, சகோதரர்களே, அன்புப் பிள்ளை டிலக்ஷி!

உங்கள் எல்லோரையும் வணங்குகிறேன். வணங்குகிறேனே தவிர, எதற்காக இங்கே நிற்கிறேன் என்று இன்னும் என் மனம் ஒத்துக்கொள்ளவில்லை.

இந்த மண்டபத்தின் பதிவுப் புத்தகத்தை புதன்கிழமை போய்ப் பார்த்தேன். இரங்கல் கூட்டத்துக்கு நாள் கேட்கப் போனேன். அருட்தந்தை புத்தகத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் நான்கு மணி, நாகபூசணி, கூட்டம் என்று எழுதியிருந்தது. அவருடைய கையெழுத்து! மூன்று கிழமைக்கு முன்னால் இந்த மண்டபத்தை இதே நாளுக்கு, இதே நேரத்துக்குப் பதிவு செய்தவர் நாகபூசணி. அவர் பேச வேண்டிய கூட்டம் இது. இந்த ஒலிவாங்கிக்கு முன்னால் அவர் நிற்க வேண்டியது. அவர் நிற்க வேண்டிய இடத்தில் நான் நிற்கிறேன். “நாளை மாத்தத் தேவையில்லை” என்றார் அருட்தந்தை. எனக்கு அழ வரவில்லை, ஐயா. திகைப்புத்தான் வந்தது. இன்னும் அந்தத் திகைப்பிலேயே நிற்கிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு லிபெர்த்தா வீதியில் நாகபூசணி பஸ்ஸை விட்டு இறங்கினார். தான் பராமரிக்கும் கிழவியின் வீட்டுக்கு நூறு மீற்றர் நடக்க வேண்டும். நடக்கவில்லை. தரிப்பிடத்திலேயே விழுந்துவிட்டார். தலைக்குள் ஒரு நரம்பு வெடித்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஐம்பத்து மூன்று வயது! திங்கட்கிழமை பின்னேரம் என்னோடு போனில் கதைத்தார். “அண்ணை, தடிமன் பிடிச்சிருக்கு, குரல் கட்டிப்போச்சு. ஞாயிற்றுக்கிழமைக்குள்ளை திறந்திடும், பயப்பிடாதையுங்கோ” என்றார். குரலைப் பற்றித்தான் எங்கள் இருவருக்கும் கவலை. உயிரைப் பற்றி யார் நினைத்தது?

அவர் இந்த மேடையில் என்ன சொல்ல இருந்தார்? எனக்குத் தெரியும். இந்த மண்டபத்தில் அது தெரிந்தவர்கள் இரண்டே பேர்: நானும் பேராசிரியை அவர்களும். அவரால் சொல்ல முடியாமல் போனதை என்னால் முடிந்த அளவு சொல்கிறேன். சொல்லும்போது என்னைப் பற்றியும் சில வெட்கக்கேடுகள் வெளியே வரும். வரட்டும்.

சபையோரே! நாகபூசணி யார்? உங்களில் பலருக்கு அவர் துடைக்கிற வேலைக்குப் போன ஒரு பெண். சிலருக்கு அவர் ‘உளவுக்காரி’. ஓம், அந்தச் சொல்லை நான் தெரிந்துதான் சொல்கிறேன். இந்த மண்டபத்தில் அந்தச் சொல் எட்டு வருடமாகக் கேட்டது. திருவிழாவில் கேட்டது, பிறந்தநாள் விழாவில் கேட்டது, பள்ளிக்கூட வாசலில் சின்னப் பிள்ளைகளின் வாயில் கேட்டது. நான் சொல்கிறேன்: கள ஆய்வாளர் நாகபூசணி! அதுதான் அவருடைய பட்டம். அவரை அறிந்த ஆய்வாளர்கள் அவரை அப்படித்தான் அழைத்தார்கள்.

வன்னியில் இருபத்திரண்டு வயதில் சைக்கிள் எடுத்து வீடு வீடாகப் போனவர் அவர். குடும்பக் கணக்கெடுப்பு. வீட்டில் எத்தனை பேர், கிணறு இருக்கிறதா, பிள்ளைக்குத் தடுப்பூசி போட்டதா என்று கேட்டு எழுதுகிற வேலை. பதினொரு வருடம் செய்தார். படிவத்தின் கடைசிக் கேள்வி ஒன்று உண்டு: ‘உங்களுக்கு ஏதும் குறை உண்டா?’ அப்போது அங்கே ஆட்சி நடத்தியவர்கள் வேறு. எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான்: ‘ஒரு குறையும் இல்லை.’ அவரும் நம்பி எழுதினார்.

பிறகு போர் முடிந்தது. முகாம். முள்ளுக்கம்பிக்குள்ளே வரிசை. ஆண்டவர்கள் மாறிவிட்டார்கள். மேசையில் ஒருவர் படிவத்தோடு இருந்து வரிசையில் வந்த ஒவ்வொருவரையும் கேட்டார்: ‘குறை ஏதும் உண்டா?’ அன்றைக்கு நாகபூசணியின் கணவன் இறந்து இருபது நாள். இடுப்பில் மூன்று வயது மகள் டிலக்ஷி. நாகபூசணி என்ன சொன்னார் தெரியுமா? ‘ஒரு குறையும் இல்லை!’

இதை அவர் எனக்குச் சொன்னபோது சொன்ன வார்த்தைகள் இவை: “நானே பொய் சொன்னன், அண்ணை. என்ரை வாயாலை. அண்டைக்குத்தான் எனக்கு விளங்கினது, நான் பதினொரு வருசமாய் எழுதிக்கொண்டு போன தாளெல்லாம் என்னெண்டு. சனம் எனக்குப் பதில் சொல்லேல்லை. எனக்குப் பின்னாலை நிண்டவைக்குத்தான் பதில் சொன்னது.”

ஆட்சி மாறியது. பதில் மாறவில்லை. இதை அறிய எங்களில் எத்தனை பேருக்கு மனம் இருந்தது?

இத்தாலிக்கு, இந்தப் பலெர்மோவுக்கு வந்தார். காலையில் கிழவியைக் குளிப்பாட்டுவார். மத்தியானத்துக்குப் பிறகு லிபெர்த்தாவில் இரண்டாம் மாடியில் இருந்த ஒரு சிறிய ஆய்வு நிலையத்தைத் துடைப்பார். அங்கே பேராசிரியை லொரெதானா ஓர் ஆய்வு நடத்திக்கொண்டிருந்தார். கேட்டால் ஆபத்து என்கிற நாடுகளில், மக்கள் உள்ளே என்ன நினைக்கிறார்கள் என்று எப்படி அறிவது? அதுதான் ஆய்வு. நாங்கள் விட்டு வந்த ஊரும் அதில் ஒன்று. தமிழ் தெரிந்த மாணவர்கள் இரண்டு பேர் இங்கிருந்து அங்கே போன் எடுத்துக் கேட்டார்கள். ‘தங்கள் ஆட்சியாளர்கள் மீது தங்களுக்கு நம்பிக்கை உண்டா?’ நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று பேர் உண்டு என்றார்கள். கூட்டங்களுக்கு விருப்பத்தோடு போகிறீர்களா? விருப்பத்தோடு! கை தட்டியது பயத்தினாலா? நூற்றுக்கு நான்கு பேர்தான் ஓம் என்றார்கள்.

நாகபூசணி துடைத்துக்கொண்டே கேட்டாராம். கேட்டுவிட்டுச் சிரித்துவிட்டாராம். பேராசிரியை திரும்பிப் பார்த்து ஏன் சிரிக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். “சிஞ்ஞோரா, அந்த நாலு பேரைத்தான் எனக்கு நினைக்கப் பயமாக் கிடக்கு” என்று தனக்குத் தெரிந்த இத்தாலிய மொழியில் சொல்லியிருக்கிறார்.

அன்றைக்குப் பேராசிரியை அவர்கள் ஒரு பெரிய காரியம் செய்தார். தண்ணீர் வாளியை ஓரமாக வைக்கச் சொன்னார். கதிரையை இழுத்துப் போட்டு, இருங்கள் என்றார். அந்தக் கதிரையிலிருந்து நாகபூசணி பதினொரு வருடம் எழும்பவில்லை.

இப்படிப்பட்ட இடங்களில் உண்மையை அறிய ஆய்வாளர்களிடம் ஒரு வழி உண்டு. கேள்விக்குப் பதில் சொல்லுமுன் ஒரு நாணயத்தைச் சுண்டச் சொல்வார்கள். ஒரு பக்கம் விழுந்தால், உண்மை எதுவானாலும் ‘ஓம்’ என்று சொல்ல வேண்டும். மறு பக்கம் விழுந்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். எது விழுந்தது என்பது சுண்டியவருக்கு மட்டுமே தெரியும். அதனால் ‘ஓம்’ என்று சொன்னவரை யாரும் பிடித்துக் கேட்க முடியாது. பேராசிரியை இதைச் சொன்னதும் நாகபூசணி ஒத்துக்கொண்டார். ஆனால் போனில் சரிவரவில்லை. “காசைச் சுண்டட்டோ? என்ன பகிடியே விடுறியள்?” என்று வைத்துவிட்டார்கள். சிலர் சூதாட்டம் என்று பயந்தார்கள்.

நாகபூசணி இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள், “குசினியிலை ஒரு கை பயறு அள்ளச் சொல்லுவம். இல்லாட்டிப் புளியங்கொட்டை. ஒற்றையோ இரட்டையோ எண்டு எண்ணச் சொல்லுவம்” என்றார்.

ஒற்றையா இரட்டையா! நாங்கள் எல்லோரும் விளையாடியதுதானே? எங்களில் யாருக்கு அது தோன்றியது? ஒற்றை வந்தால் ‘ஓம்’ என்று சொல்லுங்கோ. இரட்டை வந்தால் உள்ளதைச் சொல்லுங்கோ. அதைக் கேட்டதும் அந்தப் பக்கத்தில் பெண்கள் சிரித்தார்கள். சிரித்த பிறகு பயம் கொஞ்சம் இளகியது. பிற்காலத்தில் நான் பக்கத்தில் இருந்து கேட்ட ஓர் அழைப்பை இன்றைக்கும் மறக்க முடியாது. வயதான ஒரு தாய். கேள்வி: கை தட்டியது பயத்தினாலா?

“தங்கச்சி, நான் ஓம் எண்டு சொன்னால், அது கொட்டை சொன்னதோ நான் சொன்னதோ எண்டு உமக்குத் தெரியாதே?”

“தெரியாதம்மா. எனக்கும் தெரியாது, ஒட்டுக் கேக்கிறவைக்கும் தெரியாது. உங்களுக்கும் கடவுளுக்கும் மட்டுந்தான் தெரியும்.”

கொட்டைகள் தட்டில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அந்தத் தாய் சொன்னார்:

“அப்ப, ஓம்.”

ஆயிரம் பேரிடம் கேட்டார்கள். ஆயிரம் பேரில் ஏறக்குறைய ஐந்நூறு பேருக்கு ஒற்றை வரும். அவர்கள் ஓம் என்றுதான் சொல்வார்கள். ஆனால் ஓம் என்றவர்கள் எழுநூற்று எண்பது பேர்! மிச்சம் இருநூற்று எண்பது பேர் யார்? இரட்டை வந்த ஐந்நூறு பேரில், பயத்தில்தான் கை தட்டினேன் என்று உள்ளதைச் சொன்னவர்கள். நூற்றுக்கு ஐம்பத்தாறு! நேரே கேட்டபோது நான்கு. கொட்டையைக் கையில் கொடுத்துக் கேட்டபோது ஐம்பத்தாறு. அந்த இடைவெளிக்குள்தான், சபையோரே, எங்கள் சனத்தின் வாழ்க்கை இருந்தது. அதை அளந்தவர் நாகபூசணி.

இன்னொன்றும் செய்தார். அழைத்த எண் எதையும் வைத்திருக்கக் கூடாது என்றார். இயந்திரம் தானாக எண்ணைச் சுழற்றும், போனை வைத்ததும் அது அழிந்துவிட வேண்டும். பேராசிரியை ஒத்துக்கொள்ளவில்லை. பதில்களைச் சரிபார்க்க மறுபடி அழைக்க வேண்டுமே என்றார். “அப்ப நான் துடைக்க மட்டும் வாறன், சிஞ்ஞோரா” என்று எழும்பிவிட்டார் நாகபூசணி. பேராசிரியை அவர்கள் நேற்று என்னிடம் சொன்னார், தன் வாழ்நாளில் தோற்றதில் தனக்கு மிகவும் பெருமையான தோல்வி அதுதான் என்று.

இனி என் வெட்கக்கேட்டுக்கு வருகிறேன்.

ஒன்பது வருடங்களுக்கு முன்னால் நான் இந்த ஒன்றியத்தின் செயலாளர். ஆறு வருடம் தொடர்ந்து செயலாளர். ஒவ்வொரு வருடமும் பொதுக்கூட்டத்தில் தலைவர் கேட்பார், ‘செல்வராசா அண்ணை தொடருறது ஆருக்காவது விருப்பமில்லையோ?’ ஒரு கையும் எழும்பாது. ‘ஏகமனதாகத் தெரிவு!’ கை தட்டல்! அந்த வருடம் கடைசி வரிசையில் இருந்து ஒரு பெண் எழும்பினார்.

“ஐயா, கை தூக்காமல், கடதாசியிலை எழுதிப் போடுவமே?”

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். போடுவம், அதுக்கென்ன என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். நூற்றுப் பன்னிரண்டு கடதாசி. ‘தொடரட்டும்’ என்றவர்கள் முப்பத்தொரு பேர். ‘வேண்டாம்’ என்றவர்கள் எண்பத்தொரு பேர்! ஆறு வருடமாக எனக்குக் கை தட்டிய அதே சனம். பக்கத்திலிருந்து தேத்தண்ணி குடித்த சனம்.

நான் படை வைத்து ஆளவில்லை. யாரையும் மிரட்டவில்லை. ஆனாலும் என் முகத்துக்கு முன்னால் உண்மையைச் சொல்ல உங்களால் முடியவில்லை. அதற்கு நான் உங்களைக் கோபித்திருக்க வேண்டும், அல்லது என்னையே கோபித்திருக்க வேண்டும். நான் யாரைக் கோபித்தேன்? கடதாசி கேட்ட நாகபூசணியை.

அடுத்த வருடம் ஊரிலிருந்து ஒரு கதை வந்தது. பலெர்மோவிலிருந்து ஒரு பொம்பிளை போன் எடுத்து விசாரிக்கிறாள், நாகபூசணியின்ரை குரல் மாதிரிக் கிடக்கு என்று. விசாரிக்கிறவள் யார்? உளவுக்காரி! சான்று என்ன? ஒரு சான்றும் இல்லை. எனக்குச் சான்று தேவைப்படவும் இல்லை. அந்தக் கதையை முதன்முதலில் இந்த மண்டபத்துக்குள் கொண்டுவந்தவன் நான். இரண்டு பேரிடம் சொன்னேன். இரண்டு பேர் போதும் என்பது உங்களுக்குத் தெரியும்.

பிறகு நானும் இன்னும் இருவரும் பிரான்காச்சோவில் அவருடைய வீட்டுக்குப் போனோம். ஐந்தாம் மாடி. லிஃப்ட் பழுது. மூச்சு வாங்க ஏறிப்போய் நின்று, இனி விழாக்களுக்கு வரவேண்டாம், பிள்ளையையும் தமிழ் வகுப்புக்கு அனுப்ப வேண்டாம் என்று சொன்னோம். அவர் எங்களை இருக்கச் சொன்னார். இருக்கவில்லை.

“சரி, அண்ணை. வரேல்லை” என்றார். எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. அழுவார், சண்டை பிடிப்பார், சத்தியம் பண்ணுவார் என்று நினைத்திருந்தேன். “ஆனால் ஒண்டு கேக்கட்டே? ஊரிலை உங்கடை அக்கா இருக்கிறா எல்லே?”

“ஓம். மனோன்மணி அக்கா. ஒவ்வொரு ஞாயிறும் கதைக்கிறனான்.”

“எப்பிடி இருக்கிறாவாம்?”

“எல்லாம் நல்லம். ஒரு குறையும் இல்லையாம்.”

“அவவின்ரை வீட்டைப் பற்றிக் கேளாதையுங்கோ” என்றார். “அவவின்ரை ஒழுங்கையிலை, ஆக்கள் வந்து விசாரிச்சிட்டுப் போன வீடு எத்தினை எண்டு கேளுங்கோ. கேட்டுப்போட்டுப் பேசாமல் இருங்கோ. பதில் வருமட்டும் வாய் திறக்காதையுங்கோ.”

ஐந்து மாதம் நான் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? பயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவின் குரல் ஒரு மாதிரி இருந்தது. கேட்டுவிட்டேன்.

“உதேன் கேக்கிறாய்?” என்றார் அக்கா.

நான் பேசாமல் இருந்தேன்.

“ஆறு வீடு” என்றார்.

நான் பேசாமல் இருந்தேன். வாயை இறுக்கிக்கொண்டு இருந்தேன், ஐயா.

“எங்கடையோடை ஏழு.”

என் மருமகனை, அக்காவின் மகனை, இரண்டு முறை கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். இரண்டு வருடமாக! நூறு ஞாயிற்றுக்கிழமை என் அக்காவோடு கதைத்திருக்கிறேன். நூறு முறையும் ‘எல்லாம் நல்லம்’ என்று கேட்டு, சந்தோசமாகப் போனை வைத்திருக்கிறேன். என் சொந்த அக்காவிடம் எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. நான் வீட்டு வாசலில் அவமானப்படுத்திய பெண்ணுக்குத் தெரிந்திருந்தது!

அடுத்த நாளே ஐந்து மாடியும் ஏறினேன். இந்த முறை இருந்தேன். அழுதேன். அவர் இஞ்சித் தேத்தண்ணி தந்தார். தன்னுடைய வேலையைப் பற்றி அன்றைக்குத்தான் முதன்முதலில் சொன்னார். “ஆக்கள் காணாது, அண்ணை. ஆம்பிளையளோடை கதைக்க ஆம்பிளைக் குரல் ஒண்டும் வேணும். வாறியளே?” என்றார். நான் மன்னிப்புக் கேட்கப் போனேன், அவர் வேலை தந்தார். ஏழு வருடம் அவருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தேன்.

இந்த ஏழு வருடமும் ஏன் வாய் திறக்கவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். அவர் தடுத்தார். “இஞ்சையிருந்துதான் எடுக்கிறம் எண்டு வெளியிலை தெரிஞ்சால், அங்கை போன் எடுத்த ஒவ்வொரு சனத்தையும் சந்தேகப்படுவினம். ஆய்வு முடிஞ்சு அறிக்கை வரட்டும். அதுமட்டும் நான் உளவுக்காரியாயே இருந்திட்டுப் போறன்” என்றார். அவர் தடுத்தார் என்பது உண்மை. அது எனக்கு வசதியாக இருந்தது என்பதும் உண்மை. அறிக்கை போன மாதம் வந்தது. மறுநாளே வந்து மண்டபத்தைப் பதிவு செய்தார்.

அந்த மௌனத்துக்கு அவர் கொடுத்த விலை உங்களுக்குத் தெரியாது. ஐந்து வருடங்களுக்கு முன்னால் பஸ் தரிப்பிடத்தில் ஒருவர் வந்து அவருக்குப் பக்கத்தில் இருந்தார். நல்ல உடுப்பு, நல்ல தமிழ், நல்ல மரியாதை.

“அக்கா, நீங்கள் கதைச்ச ஆக்களின்ரை நம்பர் மட்டும் தாங்கோ. வேறை ஒண்டும் வேண்டாம்.”

“என்னட்டை இல்லைத் தம்பி.”

“ஊரிலை குகதாசன் சுகமாய் இருக்கிறாரே?”

குகதாசன் நாகபூசணியின் தம்பி. கூடப்பிறந்தவர்களில் உயிரோடு மிஞ்சிய ஒரே ஒருவர். அவருடைய பெயரை அந்த வாயில் கேட்டதும் நாகபூசணி எழும்பிவிட்டாராம். “அவர் சுகமாய் இருக்கோணும் எண்டுதான் எனக்கும் ஆசை. ஆனால் என்னட்டை ஒரு நம்பரும் இல்லை” என்று சொல்லிவிட்டு, வந்த பஸ்ஸில் ஏறிவிட்டார். அது எந்தப் பஸ் என்றுகூடப் பார்க்கவில்லையாம்.

அந்த ஆள் யார், யார் அனுப்பியது, எங்களுக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அடுத்த கிழமை குகதாசனைக் கூப்பிட்டார்கள். நான்கு நாள் ஒரு வாங்குப் பலகையில் இருத்தி வைத்தார்கள். ஐந்தாம் நாள் வீட்டுக்கு விட்டார்கள். அவர் அக்காவுக்குப் போன் எடுத்து ஒரே ஒரு வசனம் சொன்னார்: “அக்கா, இனி எனக்கு எடுக்காதை.”

கொடுப்பதற்கு நாகபூசணியின் கையில் எண் எதுவும் இருக்கவில்லை. இருந்திருந்தால்? நான் ஒருநாள் அதையும் கேட்டேன். “இருந்திருந்தால் குடுத்திருப்பன், அண்ணை” என்றார். “தம்பியெல்லே. குடுத்திருப்பன். அதுக்குத்தான் முதலே வைக்க வேண்டாம் எண்டனான். என்னை நம்பி ஒண்டையும் வைக்கேலாது எண்டு எனக்குத் தெரியும்.”

இதைவிட நேர்மையான ஒரு வார்த்தையை நீங்கள் யாரிடமாவது கேட்டிருக்கிறீர்களா? தன்னை வீராங்கனை என்று சொல்லவில்லை. தான் உடைந்து போகக்கூடியவள் என்று அறிந்து, தான் உடைந்தாலும் மற்றவர்கள் உடையாதபடி முன்கூட்டியே வழி செய்தவர்! ஏழாயிரம் பேர் அவரோடு கதைத்தார்கள். ஏழாயிரம் பேரில் ஒருவருக்கும், அவரோடு கதைத்ததற்காக ஒரு தீங்கும் வந்ததாக நாங்கள் அறியவில்லை. அவருடைய தம்பி ஒருவரைத் தவிர.

தம்பி ஐந்து வருடம் கதைக்கவில்லை. வருடப் பிறப்புக்கும் கதைக்கவில்லை. ஞாயிறுகளில் நாகபூசணி மலை ஏறி சாந்தா ரொசாலியா என்ற புனிதையின் குகைக் கோவிலுக்குப் போவார், உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். கண்டும் ஒதுங்கி நடந்திருப்பீர்கள். என்ன கேட்டு மன்றாடினார் என்று எனக்குச் சொன்னதில்லை. எனக்குத் தெரியும்.

புதன்கிழமை நான் குகதாசனுக்குப் போன் எடுத்தேன். மரணச் செய்தி சொல்ல வேண்டுமே. என் பெயரைச் சொன்னேன். விசயத்தைச் சொன்னேன். பிறகு, அவருடைய அக்கா எனக்குப் பழக்கியபடி பேசாமல் இருந்தேன்.

“அண்ணை” என்றார் கடைசியில், “அவ என்னையும் ஒருநாள் கேப்பா எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். நம்பர் தானாச் சுத்தி வருமெண்டு முந்திச் சொன்னவ எல்லே? ஒருநாள் என்ரை போனுக்கும் வரும், அக்காவின்ரை குரல் கேக்கும், ஆரெண்டு காட்டிக்கொள்ளாமல் பதில் சொல்லுவம் எண்டு நினைச்சிருந்தன். தெரியாத நம்பர் எல்லாத்தையும் எடுத்தனான். ஒரு நாளும் வரேல்லை.”

ஐயோ! ஐந்து வருடம்! எடுக்காதே என்று சொன்ன தம்பி, தெரியாத எண்கள் எல்லாவற்றையும் எடுத்து அக்காவின் குரலைத் தேடியிருக்கிறார். இங்கே அக்கா, தம்பிக்கு ஆபத்து என்று அந்த ஓர் எண்ணை மட்டும் இயந்திரத்திலிருந்து நீக்கி வைத்திருந்தார். பேராசிரியை அவர்கள்தான் அதை வியாழக்கிழமை எனக்குச் சொன்னார். அழியாமல் அங்கே இருந்த ஒரே எண் அதுதான்: அழைக்கக் கூடாத எண்.

இதைக் கூட்டத்தில் சொல்லலாமா என்று குகதாசனிடம் கேட்டேன். “சொல்லுங்கோ. பெயரையும் சொல்லுங்கோ. நான் பயந்து முடிஞ்சுது” என்றார்.

பெரியோரே, தாய்மாரே! இரங்கல் கூட்டத்தில் பணியைத் தொடர்வோம் என்று சொல்வது வழக்கம். நானும் இந்த மேடையில் பலமுறை சொல்லியிருக்கிறேன். சொல்லிவிட்டுக் கதிரையை மடித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறேன். இன்றைக்கு அப்படிச் சொல்லவில்லை.

இன்னொரு நாட்டைப் பற்றிய ஆய்வு தொடங்கப்போகிறது. எந்த நாடு என்று சொல்ல மாட்டேன். அந்த நாட்டிலிருந்து வந்து இந்த ஊரில் எங்களைப் போலவே வீடு துடைக்கிற நான்கு பெண்கள், எப்படிக் கேட்பது என்று நாகபூசணியிடம் படித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பாடம் முடிந்தது. மூன்றாம் பாடம் வருகிற புதன்கிழமை. அதை நான் எடுப்பேன். எனக்கு அந்தப் பெண்களின் மொழி தெரியாது, நாகபூசணிக்கும் தெரியாது. உடைந்த இத்தாலியத்தில்தான் அவர் படிப்பித்தார், நானும் அதிலேயே படிப்பிப்பேன். அதற்கு அடுத்த புதனும் போவேன். அவருடைய கதிரையில் நான் இருக்க மாட்டேன். அந்த நான்கு பேரில் ஒருவரை இருத்துவேன். ஒன்றியத் தலைவர் அவர்களே, இனி இந்த மண்டபத்தில் எந்தத் தெரிவும் கடதாசியில்தான் நடக்கும் என்று நீங்கள் இன்று காலை எனக்கு வாக்குத் தந்தீர்கள். அதைச் சபைக்கு முன்னால் சொல்லச் சொன்னீர்கள். சொல்லிவிட்டேன்.

டிலக்ஷி, பிள்ளை, நிமிர்ந்து பார். உனக்குப் பதினொரு வயது இருக்கும்போது உன்னைத் தமிழ் வகுப்பிலிருந்து நிறுத்தினோம். ஏன் என்று நீ அம்மாவைக் கேட்டாய். அவர் உனக்குக் காரணம் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. பள்ளிக்கூடத்தில் உன்னை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அந்தச் சொல் எங்கிருந்து போனது என்றும் எனக்குத் தெரியும்.

உன் அம்மா உளவுக்காரி என்று எட்டு வருடத்துக்கு முன்னால் நான் இரண்டு பேரின் காதுக்குள் சொன்னேன். இன்றைக்கு இருநூறு பேருக்கு முன்னால் ஒலிவாங்கியில் சொல்கிறேன், கேள்.

நான் சொன்னது பொய்.